கடைசி நூறு யூனிட்: மின் கட்டண உயர்வுக்குப் பிறகு எங்கள் வீட்டு அனுபவம்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த மின் கட்டண உயர்வும், 2024 ஜூலையில் அதன்மேல் ஏறிய 4.83 சதவீதமும் எங்கள் குடும்பத்தின் வரவுசெலவை வெகுவாக மாற்றிவிட்டன. மதுரையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த வீட்டில், வயதான பெற்றோருடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளுடனும் வசிக்கிறோம். மாதந்தோறும் ஒரு தொகையை எடுத்துவைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுவது எங்கள் வழக்கம். உயர்வுக்குப் பின் எதையெல்லாம் மாற்றினோம், அவற்றுள் எது நீண்ட காலம் பயன் தந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் கட்டணப் படிகளைப் புரிந்துகொள்ள வேண்டும். 2022இல் அறிவித்த விகிதப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 2.25, பிறகு 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ 101ஆவது யூனிட்டிலிருந்தே ரூ. 4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை ரூ. 8, அதற்கு மேல் 800 வரை ரூ. 9. ஆகவே 500 யூனிட்டுக்கு ரூ. 1,725 கட்டும் குடும்பம், ஒரே ஒரு யூனிட் கூடினால் ரூ. 1,958 கட்ட நேர்கிறது. இன்றைய விகிதம் இதைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும், கீழே வரும் கணக்குகளை எல்லாம் ஒப்பிட வசதியாக இந்த 2022 விகிதத்திலேயே தருகிறேன்.

உயர்வுக்கு முந்தைய கோடைகளில் எங்கள் பயன்பாடு 700 யூனிட்டை ஒட்டியே இருந்தது. பழைய விகிதத்தில் அதற்கு ரூ. 3,100 ஆகும், புதிய விகிதத்தில் ரூ. 3,650. அந்த 700இல் கடைசி நூறு யூனிட்டுக்கு மட்டும் ரூ. 900 போகிறது. குறைக்க வேண்டியது அந்த மேல்படியில் உள்ள யூனிட்டுகளைத்தான் என்பது தெளிவானதும், எந்தக் கருவி அவற்றை விழுங்குகிறது என்று அறிவதே முதல் வேலையாயிற்று.

அதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கொன்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும், எங்களுடையதில் 3,200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டு, சில நிமிடங்களுக்குத் துடிப்புகளை எண்ணினால் அதன் பசி தெரிந்துவிடும். ஏசி, ஃபிரிட்ஜ் போல விட்டுவிட்டு ஓடுபவற்றுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ரீடிங் பார்க்க வேண்டும். 9 வாட் எல்இடி விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஓயாமல் கண்டிப்பதைவிட, இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடுவது எவ்வளவோ மேல்.

பெற்றோரின் அறையில் இருந்த பழைய ஒன்றரை டன் ஏசி, மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுத்தது. இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 300 யூனிட் அதற்கே போய்விடும். அதை மாற்றுவதற்கு முன் மற்றவற்றைச் செய்தோம்: வெப்பநிலையை 26இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓடவிட்டோம், மேற்குச் சன்னலுக்குக் கனமான திரை போட்டோம், மொட்டை மாடித் தரைக்கு வெப்பம் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் செயலகம் சொல்வதை எங்கள் மீட்டர் பொய்யாக்கவில்லை. என் தந்தையாருக்குத் தொடக்கத்தில் 26 போதவில்லை. வெள்ளைப் பூச்சு அடித்த பிறகுதான் அவர் அதை ஏற்றுக்கொண்டார். கொடுத்த காசுக்கு மிகுந்த பலன் தந்தது அந்தப் பூச்சுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மழையும் தூசியும் அதை மங்கச் செய்வதால், ஆண்டுதோறும் பங்குனி பிறக்கும் முன் கழுவிப் பார்த்து, தேவையான இடத்தில் மறுபூச்சு அடிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஏசி பழுதாகி நின்ற பிறகே ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைக் கழித்துக்கட்டும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்து பிஎல்டிசி (BLDC) எனப்படும், மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட மின்விசிறி. சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடுகிறது. நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். 600 யூனிட் ஆகும் வீட்டுக்கு அந்த 40 யூனிட்டின் மதிப்பு ரூ. 320, இருநூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கோ ரூ. 90தான். ஆகவே குறைவாகப் பயன்படுத்தும் குடும்பம், விளம்பரத்தைப் பார்த்து எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. அதிக நேரம் சுழலும் விசிறியை மட்டும் மாற்றினால் போதும். மின்னழுத்தம் குறையும்போதும் வேகம் குறையாமல் சுழல்வதும், மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குவதும் இதன் நிறைகள். குறைகளும் உண்டு. பழைய ரெகுலேட்டரோடு இதைச் சேர்த்துப் பொருத்தக் கூடாது. ரிமோட் கைக்கு எட்டாதபோது முதியவர்கள் தவிக்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை கெட்டால் தெருமுனை எலக்ட்ரீஷியனால் சரிசெய்ய முடிவதில்லை. எங்கள் விசிறிகளுள் ஒன்றுக்கு அப்படிப் பலகை போயிற்று. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் செலவின்றி மாற்றித் தந்தார்கள். எனவே உத்தரவாதம் நீண்டதாக உள்ளதையே வாங்க வேண்டும்.

கதவின் ரப்பர் தளர்ந்திருந்த பழைய ஃபிரிட்ஜை மாற்றியதில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் அளவுக்குக் குறைந்தது. கீசரில் 25 லிட்டர் தண்ணீரை ஒருமுறை சூடாக்க முக்கால் யூனிட் ஆகிறது. மதுரை வெயிலுக்கு மார்கழி, தை தவிர அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. இரவும் பகலும் விழித்தே இருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும் என்பதால், படுக்கும் முன் சுவிட்சை அணைப்பது வழக்கமாகிவிட்டது.

ரீடிங் எடுக்கும் நாளும் முக்கியம். அந்த நாள் தள்ளிப்போனால், கூடுதல் நாட்களின் பயன்பாடு அதே கணக்கில் சேர்ந்து நம்மை மேல்படிக்கு ஏற்றிவிடக்கூடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை மீட்டர் எண்ணை நாட்காட்டியில் குறித்துவருகிறோம். பயன்பாடு எங்கே போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், பில் வந்த பின் திகைக்க வேண்டியிருப்பதில்லை.

இப்போது கோடையிலும் எங்கள் பயன்பாடு 450 யூனிட்டுக்குள் நிற்கிறது. அதே விகிதப்படி ரூ. 1,425. மாடியில் சூரிய ஒளித் தகடு போடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம் கிடைக்கிறது. 1 கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். தொடர்ந்து 600, 700 யூனிட் ஆகும் வீடுகளுக்கு அது நல்ல முதலீடு. மேல்படியை விட்டு இறங்கிவிட்ட எங்களுக்கு, போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் பிடிக்கும் என்பதால், மகளின் அறைக்கும் ஏசி தேவைப்படும் காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம்.