மாடி ஏறாத போணி: பெயர்ந்த சந்தைகளுக்கு மூன்று ஊர்கள் கட்டியவை

சென்னை சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்துக்கு முன்னால் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று நிற்கிறது. மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அசல் மார்க்கெட் 1900-இல் திறந்தது, 1985 மே 30 அன்று எரிந்தது. இடம் ரயில்வேக்குப் போனது. பழைய புத்தகமும் பழைய சாமானும் விற்றவர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கட்டடத்துக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள், வியாபாரிகளுக்குக் கடை எண் கொடுத்தார்கள்.

சந்தையைப் பெயர்த்தபின் எழும் கட்டடத்தில் அந்த வியாபாரிகளின் குரல் கேட்குமா, கேட்காதா? சியோல், பார்சிலோனா, டர்பன் மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

சியோலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2003-இல் அங்கே சோங்கேசோன் ஓடைக்கு மேலிருந்த சாலையை இடித்து ஓடையை மீட்கத் தொடங்கினார்கள். ஓரத்தில் கடை விரித்திருந்தவர்களைத் தோங்தேமுன் விளையாட்டரங்குக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நான்கைந்து வருடத்தில் அந்த அரங்கையும் இடிக்க முடிவானது. வியாபாரிகள் மறுபடி மூட்டை கட்டி சின்சோல்தோங் பகுதிக்குப் போனார்கள். அரங்கு இருந்த இடத்தில் 2014-இல் கட்டடக்கலைஞர் ஜாஹா ஹதீத் வரைந்த வடிவமைப்பு மையம் திறந்தது. 45,000-க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள், வளைவுமேல் வளைவு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. விளையாட்டரங்கின் நினைவாக இரண்டு விளக்குக் கோபுரங்களைக்கூட விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அரங்குக்குள் கடை விரித்தவர்களின் பிழைப்பு அந்த வளைவுகளில் எங்கும் ஒட்டவில்லை. மூர் மார்க்கெட் மாதிரியை நூறு மடங்கு பெரிதாக்கினால் இதுதான் கிடைக்கும்.

பார்சிலோனா வேறு கதை. அங்குள்ள என்காண்ட்ஸ் சந்தையின் பெயருக்கே ஏலம் என்றுதான் பொருள். 1928 முதல் குளோரியஸ் சதுக்கத்தில் திறந்தவெளியில், தரையில் துணி விரித்து நடந்த பழைய பொருள் சந்தை அது. 2013-இல் அதே சதுக்கத்தின் இன்னொரு பக்கத்துக்கு மாறியது. கிடைத்த மனை சிறியது, கடைகளோ நூற்றுக்கணக்கில். நம் ஊர்ப் பொறியாளர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மாடி போட்டிருப்பார்.

மாடி என்றால் என்ன ஆகும் என்பதைப் பாண்டி பஜாரில் பார்த்திருக்கிறோம். பிளாட்பாரத்தில் இருந்தவர்களை அடுக்குமாடி வளாகத்துக்குள் ஏற்றினார்கள். வளையல் வாங்குகிறவர் வளையல் வாங்கவேண்டும் என்று கிளம்பி வருவதில்லை. நடக்கிற வழியில் கண்ணில் படுகிறது, நிற்கிறார், பேரம் பேசுகிறார். அவரை இரண்டாவது மாடிக்கு வரச் சொன்னால் போணி ஆகாது.

என்காண்ட்ஸை வடிவமைத்த ஃபெர்மின் வாஸ்கேஸின் ‘பி720’ நிறுவனம் இந்தச் சிக்கலைத் தரையை மடித்துத் தீர்த்தது. லேசாகச் சாயும் தளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுற்றிச் சுற்றி வருகின்றன. தெருவில் நடப்பதுபோல நடந்துகொண்டே இருந்தால் மேலே வந்து சேர்ந்திருப்போம், மாடி ஏறிய நினைப்பே வராது. சுவர்கள் இல்லை. தலைக்கு மேல் சுமார் 25 மீட்டர் உயரத்தில் பல கோணங்களில் சாய்ந்த கண்ணாடிபோன்ற கூரை. கீழே பரப்பிய நாற்காலி, விளக்கு, பொம்மை எல்லாம் அதில் தலைகீழாகத் தெரியும். இந்தக் கூரையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நடக்கும் ஏலத்துக்கு இடம் விட்டிருப்பது. வீடு காலி செய்த சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து அங்கேயே சில்லறையாக விற்பதுதான் அந்தச் சந்தையின் உயிர். குறையும் உண்டு. சுவர் இல்லாத இடத்தில் காற்றும் சாரலும் உள்ளே வரத்தான் செய்யும், கூரை அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வார்விக் சந்திப்பில் இப்படி ஒரு கூரையெல்லாம் இல்லை. தினமும் சுமார் 4,60,000 பேர் ரயிலும் பஸ்ஸும் மாறும் இடம் அது. நாட்டு மருந்து விற்றவர்கள் பிளாட்பாரத்திலேயே விற்று, சரக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர்கள். 1990-களின் பிற்பகுதியில் நகராட்சி அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பவில்லை. பாதியில் நின்றுபோய் வாகனமே ஓடாத மேம்பாலத் துண்டுகள் அங்கே சும்மா கிடந்தன. வேர், பட்டை, உலர்ந்த கிழங்கு விற்பதற்கான கடைகளை அவற்றின்மேல் கட்டினார்கள். பெரியா ரயில் நிலையத்திலிருந்து வருகிற நடைமேம்பாலத்தை அதோடு இணைத்தார்கள். ரயில் இறங்கி நடக்கிற கூட்டம் கடை முன்னால்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு வகை வியாபாரத்தின் சங்கத்தோடும் உட்கார்ந்து பேசி இதைச் செய்தார்கள். அந்த வேலையில் இருந்த கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் டாப்சன் 2008-இல் ‘அசியே எடஃபுலேனி’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘மேசைக்குக் கொண்டு வா’ என்று அந்த ஜூலு பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

அதற்காக டர்பன் நகராட்சியைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அதே சந்திப்பில் விடியற்காலைச் சந்தை ஒன்று உண்டு, 1910-இல் தொடங்கியது. 1860-இல் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், பிறகு காய்கறி பயிரிட்டு விற்க உருவான சந்தை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் அதை இடித்து வணிக வளாகம் கட்ட அதே நகராட்சி 2009-இல் திட்டம் போட்டது. வியாபாரிகள் தெருவுக்கும் வந்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2011-இல் திட்டம் ரத்தானது.

அழகுக்கு மதிப்பெண் போட்டால் பார்சிலோனாதான் முதலில் வரும். என் ஓட்டு டர்பனுக்கு. பார்சிலோனா சந்தைக்கு ஒரு தெருவையே செய்து கொடுத்தது, அதற்குப் பெரிய பணம் வேண்டும். டர்பன் ஏற்கெனவே ஜனம் நடக்கிற வழியில் சந்தையைச் செருகியது. நம் ஊர்க் கஜானாவுக்கும் அது கட்டுப்படியாகும். அல்லிக்குளம் மாதிரி ஓர் இடத்துக்கு நாளை யாராவது வரைபடம் நீட்டினால், முகப்பு எப்படி இருக்கிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மின்சார ரயிலில் இறங்குகிறவர் கடை வாசலுக்கு வர எத்தனை முறை சாலையைக் கடக்கிறார், எத்தனை படி ஏறுகிறார் என்று முதலில் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பேன்.