ஹைலக்ஸ் பின் ஸ்பிரிங்: ஒரு பட்டை கூட்டுவதா, முழுக் கட்டையும் மாற்றுவதா?

வாரமெல்லாம் கோலாலம்பூர் நெரிசலில் ஓடி, சனிக்கிழமை உலு லங்காட் செம்மண் பாதையில் ஏறும் வண்டிக்குப் பின்பக்கம் தாழ்ந்துபோனால் இந்தக் கேள்வி வரும். ஹைலக்ஸ் டொயோட்டாவின் பிக்கப் வண்டி; அதன் பின் ஸ்பிரிங், வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு.

பட்டை கூட்டுவது மலிவு, அரை நாள் வேலை. ஏறக்குறைய 25 முதல் 40 மில்லிமீட்டர் உயரும். ஆனால் களைத்த பழைய பட்டைகள் அப்படியே இருப்பதால் பாரத்தின் பெரும்பங்கு புதியதன் மேல் விழும். கட்டு மறுபடி இறங்கும். வெறும் வண்டி குதிக்கும், ஈரச் செம்மண்ணில் டயர் பிடி விடும்.

கேனபி (பின் தொட்டியை மூடும் கூடு), டிராயர் (சாமான் இழுப்பறை) என்று எப்போதும் எடை ஏற்றியிருந்தால் தயங்காமல் முழுக் கட்டையும் மாற்றுங்கள். எடையைக் கணக்கிட்டு வாங்குங்கள்: 300 கிலோவுக்கான கட்டை 80 கிலோவுக்குப் போட்டால் அதுவும் இடிக்கும்.

எதுவானாலும் ஸ்பிரிங் கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் புதிதாக இருக்கட்டும்; ஒருமுறை இழுபட்டது சரியாக இறுகாது. ஸ்பிரிங் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை, வண்டி தரையில் நின்ற பிறகே முடுக்குங்கள். ஜாக்கில் தொங்கும்போது முடுக்கினால் அதிலுள்ள ரப்பர் புஷ் (ரப்பர் உறை) முறுகியே நின்று கிழியும். 500 கிலோமீட்டரில் யூ போல்ட்டை மீண்டும் முடுக்க வேண்டும். பாரம் அறியும் பிரேக் வால்வு இருந்தால் அதன் கம்பியையும் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் உயர்ந்த பின்பக்கத்தை வெறும் வண்டி என்றெண்ணி அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.