மாமியார் வீட்டில் கடிக்காத லேப்டாப்

வள்ளியூரில் இருக்கும் மாமா மகன் போன வாரம் போன் போட்டான். "அத்தான், நீங்க வச்சிருக்கியள்ல, அதே கம்பெனி, அடுத்த மாடல். பதினோராயிரம் கொறச்சிருக்கான். வாங்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் எட்டடிக் குழி தோண்டி மூடியிருந்தது. குழிக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

2021 டிசம்பரில் வாங்கியது. பதினாலு இன்ச், அலுமினிய உடம்பு, ரைசன் 5 5500யூ புராசஸர், 16 ஜி.பி. ராம். பெயர்தான் 5000 வரிசை, உள்ளே இருப்பது ஜென் 2 என்கிற பழைய தலைமுறை வடிவமைப்பு. அது தெரிந்தேதான் வாங்கினேன், என் வேலைக்கு அது தாராளம். இத்தனை வருஷத்தில் கீல் ஆடவில்லை, விசிறி கத்தவில்லை. முதலில் ஏழு மணி நேரம் தாங்கிய பேட்டரி இப்போது நாலரை தாங்குகிறது. கீபோர்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்99 என்கிற கீபோர்டு முறையில் நாள் முழுக்கத் தட்டுகிறவன் நான். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று இரண்டு கையும் மாறி மாறி ஓடும்போது விரலுக்குக் கீழே பட்டன் கொடுக்கும் அந்த மெல்லிய எதிர்ப்பு இருக்கிறதே, அதற்காகவே வேறு மெஷின் பார்க்காமல் இருந்தேன்.

குறை ஒன்றே ஒன்று. இது கடிக்கும்.

சார்ஜர் சொருகியிருக்கும்போது மூடியின் மேல் விரலை லேசாக ஓட்டினால், வழுவழுப்பான உலோகத்தில் யாரோ பொடிமணல் தூவியதுபோல ஒரு விறுவிறுப்பு தெரியும். விரலை நிறுத்தினால் போய்விடும், ஓட்டினால் திரும்ப வரும். அதையாவது கூச்சம் என்று விட்டுவிடலாம். மணிக்கட்டு படுகிற முன்விளிம்பில் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே பட்டால் கட்டெறும்புதான். அலுமினியத்தின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அது போன இடத்தில் தோல் நேராக உலோகத்தைத் தொடுகிறது. வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தால் கடி நிச்சயம். பத்தமடைப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷம் பாயில் உட்கார்ந்தே வேலை பார்த்தேன். முதுகு போனது தனிக்கதை.

கடியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டச்பேடைத்தான் பொறுக்க முடியவில்லை. சார்ஜ் ஏறும்போது அம்புக்குறி தானாகத் துள்ளும். ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால் பக்கத்தில் இருப்பதைப் போய் அழுத்திவிட்டு வரும். சார்ஜரைக் கழற்றினால் பசு.

இதில் ஒரு வேடிக்கை. மாமனார் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். கொல்லையைத் தாண்டினால் வயல், அதைத் தாண்டினால் தாமிரபரணி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே போய் இதே சார்ஜரில் இதே லேப்டாப்பைச் சொருகினால் கடி கிடையாது, துள்ளல் கிடையாது. திசையன்விளைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்ததும் பழைய குணம் வந்துவிடும். "எங்க அம்மாவுக்கு இருக்கிற மரியாதை ஒங்களுக்கு இல்ல" என்பாள் மனைவி.

திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனேன். அங்கேயும் நல்ல பிள்ளை. "ஒண்ணும் காட்டலியே சார்" என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை, நான் விடமாட்டேன் என்று தெரிந்துகொண்டு டச்பேடை மாற்றினார்கள். 4,600 ரூபாய். வீட்டுக்கு வந்து சொருகினேன். புது டச்பேட், பழைய துள்ளல். அன்று ராத்திரி ஆத்திரத்தில் இந்த மாடலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டேன். அதை இன்னும் அழிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்திருந்தார். பேச்சுவாக்கில் லேப்டாப் சங்கதியைச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்து அந்த வெள்ளை விளிம்பில் வைத்தார். உள்ளே சிவப்பாகக் கண் முழித்தது. "தம்பி, இது கம்ப்யூட்டர் கேசு இல்ல. எர்த்து கேசு" என்றார். ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு ஒயர் விட்ட டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுவந்து பிளக் பாயிண்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அடுத்து பேஸுக்கும், எர்த்துக்கென்று மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்கும் கொடுத்தார். பல்பு செத்துக் கிடந்தது. வீட்டில் பதினாறு பாயிண்ட் இருக்கிறது. பதினாறிலும் மேல் ஓட்டை வெறும் அலங்காரம்.

அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன். சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்குவதற்காக ஒய் கெபாசிட்டர் என்று ஒன்றை வைக்கிறார்கள். அதன் வழியாக 230 வோல்ட் பக்கத்திலிருந்து லேப்டாப் உடம்புக்குத் துளி மின்சாரம் எப்போதும் கசியும். மூன்று பின் பிளக்கின் தடித்த பின் அந்தக் கசிவை மண்ணுக்கு அனுப்பிவிடும். அந்த வழி அடைபட்டால் உடம்பு ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதக்கும். என் மீட்டரில் 96 காட்டியது. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓடுகிற அளவு ஒரு மில்லி ஆம்பியரில் சின்னப் பகுதிதான். அந்த மிதக்கிற வோல்ட் விரல்தோலை வினாடிக்கு நூறு தடவை உலோகத்தோடு இழுத்து இழுத்து விடுவதுதான் பொடிமணல். டச்பேடும் விரல் கிட்டே வருவதை நுண்ணிய மின்மாற்றத்தை வைத்தே அறிகிறது. முழு மெஷினும் ஐம்பது ஹெர்ட்ஸில் ஊசலாடினால் அது எதை நம்பும்?

பழைய எர்த் குழியைத் தோண்டிப் பார்த்ததில் மண்ணுக்குள் போகிற ஜி.ஐ. இரும்பு ஒயர் துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. எங்கள் மண் அப்படி. 2021 மழையில் எவ்வளவு வெள்ளம் போயும் நிரம்பாத ஆயன்குளத்துக் கிணறு இந்தப் பக்கம்தான். இந்தச் செம்மணலில் ஊற்றுகிற தண்ணீர் போன இடம் தெரியாது, ஈரம் நிற்காது, ஈரம் இல்லாத மண்ணில் எர்த்தும் பிடிக்காது. அண்ணாச்சி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் போய் விழுகிற இடமாகப் பார்த்து எட்டடி பைப் இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார். பொருளும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய். டச்பேடைவிடக் குறைவு. இரண்டு அணு உலைகள் ஆயிரம் மெகாவாட் வீதம் ஓடுகிற கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் வீட்டில் எர்த் இல்லை என்பதை அவர் டீ குடிக்கும்வரை சொல்லிச் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கிரைண்டரு சுருக்கு சுருக்குன்னு அடிக்கின்னு எத்தன வருசமா சொல்லுதேன்" என்றாள். சொல்லியிருக்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டுங்கள் என்று நான்தான் பதில் சொன்னேன். மாவுக்கையோடு இரும்பு உடம்பைத் தொடுகிற மெஷினுக்குச் செருப்பு, தட்டச்சு மெஷினுக்கு மூன்று தடவை திருநெல்வேலிப் பயணம். இதற்கு மேல் இந்தப் பத்தியை எழுத எனக்கு இஷ்டமில்லை.

நியாயமாகப் பேசினால் மெஷின் மேல் தப்பில்லை. பெட்டியோடு வந்தது மூன்று பின் சார்ஜர், எர்த் உள்ள பாயிண்டில் சொருகு என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கவும் செய்கிறது. இப்போது கடி இல்லை, துள்ளல் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். ஆனால் மூன்று தடவை போனவனிடம் "வீட்டுல எர்த்து இருக்கா சார்?" என்று ஒரு ஆள் கேட்கவில்லையே. அந்த ஒற்றை நட்சத்திரம் அந்தக் கேள்விக்கானது. அழிக்க மாட்டேன்.

இன்னொன்று. மாமா மகன் கேட்ட புது மாடலின் பெட்டியில் வருவது கையடக்கமான இரண்டு பின் சார்ஜர். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கும், இரட்டைக் காப்பு, எர்த்தே தேவையில்லை என்று அர்த்தம். பாதுகாப்பு சரிதான், ஆனால் கசிவு போக வழியே கிடையாது. அதுமாதிரி ஒன்றைப் பயணத்துக்காக வாங்கி மாமனார் வீட்டில் சொருகிப் பார்த்தேன். அங்கேயும் கடித்தது. மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் அவனிடம் வாங்காதே என்றேன்.

"அப்ப ஒங்களுதத் தாங்க, நான் எடுத்துக்கிடுதேன்."

"அது கொடுக்கதுக்கு இல்ல மாப்ள. மொதல்ல ஒன் வீட்டுல எர்த்து இருக்கான்னு பாரு."

"வாடகை வீடு அத்தான். குழி தோண்டணும்னு சொன்னா வீட்டுக்காரரு என்னையத் தூக்கி அதுக்குள்ள போட்டுருவாரு."

பிளாஸ்டிக் உடம்பாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிப் போனை வைத்தேன்.