டாட் ஏரோவா, டாட் டிராவலா, இல்லை பேசாமல் டாட் காமா?

விமான டிக்கெட், டூர் பேக்கேஜ், ஏர் கார்கோ என்று ஏதோ ஒரு வகையில் பயணத்தோடு தொடர்புள்ள தொழில் செய்பவர்கள் டொமைன், அதாவது இணையதள முகவரி வாங்கப் போனால், அதன் கடைசியில் வரும் பின்னொட்டாக இந்த மூன்றும் கண்ணில் படும். முதல் வருட ஆஃபர் விலையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். உண்மையான செலவு ரெனியூவலில்தான் தெரியும்.

டாட் ஏரோவை நடத்துவது சீட்டா (SITA), விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொடர்பு வசதி செய்து தரும் அமைப்பு. 2000 நவம்பரில், இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் சர்வதேச அமைப்பான ஐகான் தேர்ந்தெடுத்த ஏழு புதிய பின்னொட்டுகளில் இதுவும் ஒன்று. காசு இருந்தால் மட்டும் கிடைத்துவிடாது. நீங்கள் விமானத் துறையைச் சேர்ந்தவர்தான் என்று காட்டி முதலில் ஏரோ ஐடி வாங்க வேண்டும், அப்புறம்தான் ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் விற்கும் நிறுவனத்திடம், பெயரைப் பதியவே முடியும். விமான நிறுவனங்களின் இரண்டெழுத்துக் குறியீடும் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடும் அவரவருக்கே ஒதுக்கப்பட்டவை என்பதால், சென்னையின் எம்ஏஏ-வை யாரோ ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேச முடியாது. இந்திய விமான நிலைய ஆணையமே ஏஏஐ டாட் ஏரோ என்ற முகவரியைப் பயன்படுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், எல்லா ரெஜிஸ்ட்ரார்களும் இதை விற்பதில்லை, விலையும் டாட் காமைவிடப் பல மடங்கு.

டாட் டிராவல் 2005-இல் வந்தபோது அதற்கும் இப்படி ஒரு வாசல்காவல் இருந்தது. இப்போது ஏறக்குறைய 'நான் பயணத் துறைதான்' என்று நீங்களே சொல்லிக்கொண்டால் போதும் என்ற நிலை. கதவைத் திறந்தார்கள் சரி, விலையை இறக்கவில்லையே! வாடிக்கையாளருக்கு அந்தப் பின்னொட்டு எந்த உத்தரவாதமும் தராதபோது அதற்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. பெயர் அழகாக அமைந்தால் வாங்கலாம், அவ்வளவுதான்.

டாட் காமில் கேள்வியே கிடையாது, யாரும் வாங்கலாம். பின்னொட்டை நடத்தும் நிறுவனம் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விற்பனை விலைக்கு ஒப்பந்தப்படி உச்சவரம்பு இருக்கிறது, 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. ஐகானோடு புதிய வகை ஒப்பந்தத்தில் உள்ள பின்னொட்டுகளுக்கு அப்படி வரம்பு இல்லை. அவற்றை நடத்தும் நிறுவனம் ரெனியூவல் விலையை ஏற்றப் போனால் 180 நாள் முன்பே ரெஜிஸ்ட்ராருக்குச் சொல்ல வேண்டும், அந்த அவகாசத்துக்குள் பழைய விலையிலேயே பத்து வருடம் வரை நீட்டிக்கலாம் என்பது விதி. அந்தத் தகவலை ரெஜிஸ்ட்ரார் உங்கள் காதில் போடுவாரா என்பது வேறு விஷயம்.

பலர் கவனிக்காத இன்னொரு வித்தியாசம், தேதி தவறினால் என்ன ஆகும் என்பது. டாட் காம் போன்றவற்றில் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அபராதம் கனமாக இருக்கும், ஆனால் பெயர் திரும்பக் கிடைக்கும். ஐகான் விதி இந்த மீட்புக் காலத்தைக் கட்டாயமாக்கும்போது ஸ்பான்சர்டு வகைப் பின்னொட்டுகளுக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட துறைக்காக ஓர் அமைப்பு பொறுப்பேற்று நடத்துபவற்றுக்கு, மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. டாட் ஏரோ அந்த வகை. ஆகவே வாங்கும் முன்பே 'காலாவதியானால் மீட்க முடியுமா, எவ்வளவு ஆகும்?' என்று ரெஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

 

என் தீர்ப்பு: விமான நிறுவனம், விமானப் பயிற்சிப் பள்ளி, உதிரிபாகத் தொழில் என்றால் டாட் ஏரோ அந்த விலைக்குத் தகும், கூடவே டாட் காமையும் எடுத்துப் போடுங்கள். டூர் ஆபரேட்டருக்கு டாட் காம் அல்லது டாட் இன் தாராளமாகப் போதும். எதை எடுத்தாலும் ரெஜிஸ்ட்ரார் கணக்கில் அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் படுத்தால் மின்னஞ்சலும் படுத்துவிடும், காலாவதிக்குப் பின் ஐந்து நாளுக்குள் வர வேண்டிய கடைசி நினைவூட்டல் உங்கள் கைக்கு வராமலே போகும்.