எம்ஜிபி காரின் எச்எஸ்4 கார்புரேட்டர்: முழு ரீபில்ட் கிட் வாங்கலாமா, சர்வீஸ் கிட் போதுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே கழற்றிச் சீரமைக்க நினைப்பவர்களுக்கு எம்ஜிபி நல்ல தேர்வு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான வண்டி. எளிமையான 1798 சிசி எஞ்சின், உதிரி பாகங்களுக்கு இன்றுவரை பஞ்சமில்லை. ஆரம்பகால வண்டிகளில் எஞ்சினின் இடது பக்கம் ஒன்றரை அங்குல வாய் கொண்ட எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 கார்புரேட்டர்கள் இரண்டு இருக்கும்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பவை இவை. அந்த ஜோடிக்கென்று விற்கப்படும் முழு ரீபில்ட் கிட்டைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். பின்னால் வந்த எச்ஐஎஃப்4 வகைக்கும், 1975 மாடல் முதல் அமெரிக்க வண்டிகளில் வந்த ஒற்றை ஸெனித் ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டருக்கும் இது பொருந்தாது.

கிட் இரண்டு வகை. சர்வீஸ் கிட் என்றால் கேஸ்கட், ஃப்ளோட் வால்வு (மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரவை நிறுத்துவது), வாஷர், ரப்பர் சீல், சிலவற்றில் ஜெட் (பெட்ரோல் வெளிவரும் துளையுள்ள பாகம்). ரீபில்ட் கிட் என்றால் இவற்றோடு ஊசி, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு, அதைத் தாங்கிச் சுழலும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டில், ஸ்க்ரூ எல்லாம் வரும். விலை வித்தியாசத்தைப் பார்த்து பலரும் முதல் வகையை வாங்கிவிடுகிறார்கள். ஐம்பது வருடம் ஓடிய கார்புரேட்டருக்கு அது வீண் செலவு. கசிவு நிற்கும், வெளியே பளபளப்பாகத் தெரியும், ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மட்டும் முன்பு போலவே தள்ளாடும். இந்த வயதில் எச்எஸ்4-ஐக் கெடுப்பது கேஸ்கட் அல்ல, ஸ்பிண்டில் தேய்மானம்.

ஆகவே கிட்டைப் பற்றிப் பேசுமுன் ஒரு சோதனை. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, ஸ்பிண்டில் பாடியிலிருந்து வெளியே வரும் இடத்தில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். மிகச் சிறிய அளவு போதும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எஞ்சின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். இந்தக் காற்று எந்த அளவென்று நிலையில்லாதது. த்ராட்டில் ஒவ்வொரு முறை மூடும்போதும் ஸ்பிண்டில் வேறொரு இடத்தில் போய் உட்காரும். காலையில் வைத்த மிக்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) மாலையில் மாறியிருப்பதற்குக் காரணம் அதுதான். இந்த ஏர் லீக் இருக்கும்வரை எந்த டியூனிங்கும் நிற்காது.

கிட்டில் வரும் ஸ்பிண்டில் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். பழைய ஸ்பிண்டிலை உருவிவிட்டு, புதியதைப் பாடியில் நுழைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் தேய்ந்தது பழைய ஸ்பிண்டில் மட்டும்தான். கிட் தன் வேலையைச் செய்துவிட்டது. புது ஸ்பிண்டிலும் ஆடினால் பாடியின் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதற்கு எந்தக் கிட்டும் மருந்தல்ல. துளையை ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டுப் பெரிதாக்கிப் புஷ் என்ற உலோக உறையை இறக்க வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதால், எதிர்ப்பக்கத் துளையே வழிகாட்டும்படி நீளமான ரீமர் தேவை. கை டிரில்லால் முயன்றால் கோடு பிசகி, ஸ்பிண்டில் பிடித்துக்கொண்டு த்ராட்டில் திரும்பி வராது. ஓடும் வண்டியில் அது ஆபத்து. இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. மற்றதெல்லாம் வீட்டு மேசையிலேயே முடியும்.

த்ராட்டில் தட்டைப் பிடிக்கும் இரண்டு பித்தளை ஸ்க்ரூக்களின் நுனி பிளந்திருக்கும். முதலில் மாட்டியவர் அதை விரித்து விட்டிருப்பார், அதிர்வில் கழலாமல் இருக்க. அப்படியே திருகிக் கழற்றப் பார்த்தால் தலை முறியும். விரிந்த நுனியை அரத்தால் ராவி எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். புது ஸ்பிண்டில் வருவதால் பழையதன் மரையைப் பற்றிக் கவலை வேண்டாம், பாடியின் உட்சுவரில் மட்டும் அரம் படக்கூடாது. மாட்டும்போது, தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தலைகீழாகப் போட்டால் முழுதாக மூடாது. ஸ்க்ரூவை விரலால் மட்டும் இறுக்கி, த்ராட்டிலைப் பட்டென்று சில முறை மூடவிட்டால் தட்டு தானாக நடுவில் வந்து உட்காரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சுற்றிலும் ஒரே சீராக மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறதா என்று பார்த்த பிறகே இறுக்கி, நுனியை அளவாக விரியுங்கள். பழைய ஸ்க்ரூவை நேராக்கி மறுபடி பயன்படுத்தவே கூடாது. நுனி உடைந்து விழுந்தால் அது போகும் இடம் சிலிண்டர்.

சில எம்ஜிபி தட்டுகளில் ஒரு சிறிய ஸ்பிரிங் வால்வு இருக்கும், ஆக்சிலரேட்டரை விட்டபின் புகையைக் குறைப்பதற்காக வைத்தது. அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ஐடிலிங் இறங்கவே இறங்காது, ஐடில் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தினாலும். கிட் ஆர்டர் செய்யும்போது வால்வு இல்லாத தட்டைக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி தீரும். உங்கள் ஊரில் புகைச் சோதனை விதி இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜெட்டும் ஊசியும். கிட்டின் உண்மையான மதிப்பு பாதி இங்கேதான். எச்எஸ்4-ல் ஜெட் துளை 0.090 அங்குலம். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே ஏற ஏற, கூம்பாகச் சீவிய ஊசி அந்தத் துளையிலிருந்து வெளியே வந்து பெட்ரோலுக்கு வழிவிடும். துளை ஒரு தலைமுடி அளவு தேய்ந்தாலே ஐடிலில் பெட்ரோல் அதிகமாகிவிடும், ஏனென்றால் அந்த நிலையில் ஊசிக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியே மிகச் சிறியது. ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டை முழுதாக மேலே ஏற்றியும் மிக்சர் குறையவில்லை என்றால் இதுதான் காரணம். ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

தவறான கிட் வீட்டுக்கு வந்து சேர்வதும் இங்கேதான். பழைய எச்எஸ்4-ல் ஊசி அசையாமல் நேராக நிற்கும். பிந்தியவற்றில் ஒரு சிறு ஸ்பிரிங் ஊசியை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும். இரண்டுக்கும் பிஸ்டனே வேறு, மாற்றிப் போட முடியாது. நேர் ஊசியிலும் எஞ்சின் வகையைப் பொறுத்து எம்பி, 5, எஃப்எக்ஸ் என்று மாறும். ஃப்ளோட் சேம்பர் (மிதவை இருக்கும் பெட்ரோல் கிண்ணம்) மூடியின் ஸ்க்ரூவில் ஒரு தகடு தொங்கினால் அதில் ஏயுடி என்று தொடங்கும் எண் இருக்கும்; அதைச் சொல்லி ஆர்டர் செய்யுங்கள். தகடு இல்லாவிட்டால் பழைய ஊசியின் தண்டில் பொறித்திருக்கும் குறியை லென்ஸ் வைத்துப் படியுங்கள். ஆனால் முந்தைய உரிமையாளர் வேறு ஊசி போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் எஞ்சின் எண்ணோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். முன் கார்புரேட்டர் ஜெட்டும் பின் கார்புரேட்டர் ஜெட்டும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும், நைலான் குழாய் திரும்பும் பக்கம் வேறு.

அந்த நைலான் குழாய் ஃப்ளோட் சேம்பரின் அடியில் சேரும் இடம்தான் ரீபில்ட் முடிந்த பிறகு முதலில் கசியும் இடம். நட், வாஷர், ரப்பர் சீல் என்று வரிசையாகக் குழாயில் கோத்து, சீலுக்கு வெளியே குழாய் குறைந்தது 3/16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் இறுக்கும்போது சீல் நழுவும். அதிகமாக இறுக்கினாலும் சீல் நசுங்கிக் கசியும்.

நேர் ஊசி வகையில் ஜெட்டை நடுவில் நிறுத்துவது பொறுமை கேட்கும் வேலை. ஊசியின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கட்டும். ஜெட் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை முழுதாக மேலே ஏற்றி, பெரிய லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேலிருந்து ஒரு பென்சிலால் பிஸ்டனை அழுத்திக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டிக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். ஜெட்டை முழுதாகக் கீழே இறக்கி மறுபடி விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றுபோல் இருந்தால் சரி. ஜெட் மேலே இருக்கும்போது மட்டும் சத்தம் மொத்தையாக இருந்தால் ஊசி உரசுகிறது, திரும்பச் செய்யுங்கள். ஸ்பிரிங் வகை ஊசிக்கு இந்த வேலை கிடையாது.

ஃப்ளோட் வால்வில், விட்டான் என்ற செயற்கை ரப்பர் முனை கொண்டதைக் கொடுக்கும் கிட்டையே வாங்குங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்ததாகிவிட்டது. பழைய ரப்பர் அதில் தாங்காது. பெரும்பாலான கிட்டில் ஃப்ளோட் வராது என்பது ஒரு குறை. பழைய நைலான் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மூழ்கத் தொடங்கிவிட்டது. இன்று எஸ்யூ பாகங்களைத் தயாரிக்கும் சாலிஸ்பரியின் பர்லன் நிறுவனம் ஸ்டேஅப் என்ற பெயரில் உள்ளீடற்ற கூடாக இல்லாமல் திடமான நுரைப் பொருளால் ஆன ஃப்ளோட்டை விற்கிறது. ஓட்டை விழுந்து மூழ்கும் பேச்சே அதில் இல்லை. கிட்டோடு அதையும் சேர்த்து வாங்குவது நல்லது.

உயரம் வைப்பது எளிது. ஃப்ளோட் சேம்பரின் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, வால்வை அழுத்தாமல் ஃப்ளோட் தன் எடையில் மட்டும் உட்காரட்டும். ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குல இடைவெளி வேண்டும். 1/8 அங்குல டிரில் பிட்டின் தண்டு நுழைந்தால் சரி. உலோக நெம்புகோல் உள்ளதை வளைத்துச் சரிசெய்யலாம். முழுக்க பிளாஸ்டிக் என்றால் வால்வு இருக்கைக்கு அடியில் வாஷர் சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் பெட்ரோல் வழிந்தால் பம்பைப் பாருங்கள். வண்டியோடு வந்த எஸ்யூ மின் பம்ப் சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். யாரோ மாற்றிப் போட்ட பம்ப் 5, 6 தந்தால் எந்த வால்வும் தாங்காது. வழியும் பெட்ரோலைக் கீழே கொண்டுபோகும் குழாய்கள் இரண்டும் எக்ஸாஸ்ட்டைத் தாண்டி இறங்க வேண்டும்.

கேஸ்கட்டுகளில் சொல்ல அதிகமில்லை. மேனிஃபோல்டு, கேஸ்கட், இன்சுலேட்டர் கட்டை, கேஸ்கட், ஹீட் ஷீல்டு, கேஸ்கட், கார்புரேட்டர் என்பது வரிசை. பசை எதுவும் தேவையில்லை.

கிட் தொடாத ஒரு இடம், கார்புரேட்டர் பிஸ்டனும் அதன் மேல் மூடியும். தொழிற்சாலையில் ஜோடி பார்த்துச் சேர்த்தவை, முன்னதையும் பின்னதையும் கலந்துவிடாதீர்கள். உள்ளே எமரி தாள் வேண்டாம், பெட்ரோலில் நனைத்த துணி போதும். பிஸ்டனின் காற்றுத் துளைகளை அடைத்து, டேம்பரையும் (பிஸ்டனின் வேகத்தை எண்ணெயால் தணிக்கும் தண்டு) மாட்டி, தலைகீழாகப் பிடித்துப் பிஸ்டனை மட்டும் பிடித்துக்கொண்டு மூடியை விடுங்கள். 5 முதல் 7 நொடியில் அது இறங்க வேண்டும். சடாரென்று விழுந்தால் தேய்மானம், சிக்கினால் அழுக்கு அல்லது நெளிவு. பிஸ்டன் ஸ்பிரிங் சிவப்பு நிறம்தானா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று நிறம் மாறியிருந்தால் ஜோடி ஒருபோதும் சமமாக ஓடாது.

மாட்டியபின் டேப்பட் (வால்வு இடைவெளி), பாயின்ட் (இக்னிஷன் தொடர்பு முனை), டைமிங் (தீப்பொறி நேரம்) மூன்றையும் முடித்துவிட்டுத்தான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். தொடக்க நிலை: ஜெட்டை பிரிட்ஜோடு (பிஸ்டனுக்கு அடியில் உள்ள மேடு) சமமாக்கி, ஜெட் நட்டை இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை (அறுகோண நட்டின் ஒரு பக்கம் ஒரு பட்டை), கீழே இறக்குங்கள். எஞ்சின் சூடானதும் இணைப்புக் கம்பிகளின் கிளாம்ப்பைத் தளர்த்தி, காற்றளவு மானியாலோ ரப்பர் குழாயைக் காதில் வைத்தோ இரண்டின் உறிஞ்சலையும் சமமாக்குங்கள். பிறகு மிக்சர். பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு முறைக்கு ஒரு பட்டை மட்டும் திருப்புங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பார்வைக்கு அசல் போலவே இருக்கும் மலிவு கிட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் ஊசியில் குறி பொறித்திருக்காது, தட்டு துளைக்குச் சரியாகப் பொருந்தாது, ஜெட்டின் துளை நடுவில் இருக்காது. கேஸ்கட்டுக்கு மலிவு கிட் பரவாயில்லை. ஊசி, ஜெட், தட்டு மூன்றையும் அசலாகவே வாங்குங்கள். டேம்பருக்கு எஸ்ஏஇ 20 எண்ணெய் தனியாக வாங்க வேண்டியிருக்கும். டேம்பரை இறக்கும்போது அதன் மூடி உட்காருவதற்குக் கால் அங்குலம் முன்பே எதிர்ப்பு தெரிந்தால் எண்ணெய் அளவு சரி.