ஃபிராங்க்ளின் கார்ட்டர் இல்லம்: அவசியம் பார்க்க வேண்டிய போர்க்கள வீடு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஃபிராங்க்ளின் நகரில், ஃபவுன்டன் பிராஞ்ச் கார்ட்டர் 1830-இல் கட்டிய செங்கல் வீடு இன்று அருங்காட்சியகமாகப் பராமரிக்கப்படுகிறது. வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 நவம்பர் 30 அன்று, வடக்குப் படையின் தளபதிகளுள் ஒருவரான ஜேக்கப் காக்ஸ் இதைத் தலைமையிடமாக்கிக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டது. கார்ட்டர் குடும்பத்தாரும் எதிர்வீட்டு லோட்ஸ் குடும்பத்தாரும் நிலவறையில் ஒடுங்கியிருக்க, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தலைக்கு மேலே துப்பாக்கிகள் ஓயவில்லை.

வீட்டைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பின்புறமுள்ள மரத்தாலான பண்ணை அலுவலகம். பலகைகளில் குண்டுத் துளைகள் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கியிருக்கின்றன. உள்ளே நின்றால் அவற்றின் வழியே பகல் வெளிச்சம் தெரிகிறது. தென்படையில் கேப்டனாக இருந்த டாட் கார்ட்டர், தான் பிறந்த இந்த வீட்டுக்கு அருகிலேயே சுடப்பட்டு, உறவினரால் உள்ளே தூக்கிவரப்பட்டு, டிசம்பர் 2 அன்று உயிர்நீத்தார் என்பதைக் கேட்கையில் மனம் கனத்துவிடுகிறது.

வழிகாட்டியுடன் செல்வதே நல்லது. இந்தப் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்களைப் பற்றியும் அவரிடம் அவசியம் கேளுங்கள். நேரமிருந்தால், ஜெர்மனியிலிருந்து குடியேறிய தச்சர் ஜோகன் ஆல்பர்ட் லோட்ஸ் 1858-இல் கட்டிய எதிர்வீட்டையும், அதன் தரையில் பீரங்கிக் குண்டு பதித்த கருந்தடத்தையும் பாருங்கள். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு.