இரண்டு பவர் சப்ளை போட்டால் போதுமா? கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்சின் மின் ஏற்பாடு பற்றி ஒரு மதிப்பீடு

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசையில் 48 போர்ட் பிஓஇ பிளஸ் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே சாதனங்களுக்கு மின்சாரமும் தரும் வசதி) கொண்ட நெட்வொர்க் ஸ்விட்சுகள் நான்கை ஒரே ரேக்கில் நிறுவிப் பராமரித்து வரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன். ரூட்டிங், மென்பொருள், உரிமம் ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. கொள்முதல் பட்டியலில் பலரும் யோசிக்காமல் நிரப்பிவிடும் பவர் சப்ளை வரியைப் பற்றி மட்டுமே பேசுகிறேன், ஏனெனில் கட்டடத்தின் போன்களும் வைஃபையும் அந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கின்றன.

ஸ்விட்சின் பின்புறம் இரண்டு பவர் சப்ளைகளுக்கு இடம் உண்டு. ஏசி மின்சாரத்துக்கு 350, 715, 1100 வாட் அளவுகளில் கிடைக்கின்றன. வெவ்வேறு அளவுகளைக் கலந்து போடலாம், ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கழற்றி மாற்றலாம். வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. கேபிள் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே கவனம் தேவை. இதன் மின் நுழைவாய் சி16 வகை. அதன் உள்ளே கீழ்ப்பக்கம் சிறு மேடு ஒன்று இருப்பதால், அடிப்பகுதியில் பள்ளம் வெட்டப்பட்ட சி15 முனைதான் அதில் இறங்கும். சர்வர்களுக்குப் பயன்படும் சாதாரண சி13 கேபிளை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. அவசரத்துக்கு அலமாரியில் இருக்கும் கேபிளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பவர்கள் இரண்டு சி15 கேபிள்களைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். இந்த மாடலில் 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால், ஸ்விட்சின் சொந்தத் தேவை போகச் சாதனங்களுக்குக் கிடைப்பது 437 வாட். 715 வாட்டில் இரண்டு போட்டால் 1152 வாட்டாக உயர்கிறது. பார்ப்பதற்கு நிறைவான எண்தான், ஆனால் ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 12 வைஃபை அக்சஸ் பாயின்ட்டுகளுக்குத் தலா 30 வாட், 32 போன்களுக்குத் தலா 7 வாட் என ஒதுக்கினால் மொத்தம் 584 வாட் ஆகிறது. 1152 வாட்டுக்குள் அது தாராளமாக அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே திரை காட்டும். ஒரு பவர் சப்ளை போன மறுகணம் கையில் இருப்பது 437 வாட். 147 வாட் குறைகிறது. அப்படியானால் இரண்டாவது பவர் சப்ளை மாற்று ஏற்பாடாக இருக்கவில்லை, அதையும் நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம் என்றுதான் பொருள். 1100 வாட் ஒன்று தனியாகவே 822 வாட் தரும் என்பதால், இந்த அளவு சுமைக்கு 1100 வாட்டில் இரண்டு வாங்குவதே சரி. 715 வாட்டுக்குத் துணையாக 350 வாட் போட்டுச் செலவைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரியது போனால் ஸ்விட்ச் பிழைத்துக்கொள்ளும், ஆனால் சாதனங்களுக்கு எஞ்சுவது சுமார் 70 வாட்தான்.

ஸ்டாக்பவர் என்ற வசதி இந்த வரிசையின் ஒரு சிறப்பம்சம் (9300எல் மாடல்களில் இது கிடையாது). நான்கு ஸ்விட்சுகள் வரை தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்தால், எல்லாப் பவர் சப்ளைகளும் ஒரே தொகுப்பாகி, ஒன்றின் குறையை மற்றவை ஈடுகட்டும். இயல்பு நிலையில் இது முழு மின்சக்தியையும் பகிர்ந்து கொடுத்துவிடும். ஒதுக்கீடு மிஞ்சினாலும், உண்மையான பயன்பாடு எல்லைக்குள் இருக்கும்வரை எதையும் அணைக்காது. ஆகவே ஆள் இல்லாத இரவு நேரத்தில் நடத்தும் சோதனை வெற்றிபெற்று, அதே பழுது வேலை மும்முரமாக நடக்கும் முற்பகலில் நேர்ந்தால் சாதனங்கள் அணையக்கூடும். அளந்த வாட்டை நம்பாமல் ஒதுக்கிய வாட்டை வைத்தே திட்டமிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஸ்டாக்பவரை மாற்று ஏற்பாட்டு (ரிடண்டன்ட்) முறைக்கு மாற்றினால் தொகுப்பில் உள்ள மிகப் பெரிய பவர் சப்ளையின் அளவைத் தனியே ஒதுக்கி வைத்துவிடும். அதைச் செய்துவிட்டு, எந்தப் போர்ட்டுகள் கடைசிவரை அணையக் கூடாது என்ற முன்னுரிமையையும் அமைத்துவிட வேண்டும்.

நான்கு ஸ்விட்சுகளுக்கு 715 வாட்டில் ஐந்து போதும், ஐந்தாவது எல்லோருக்கும் பொதுவான கையிருப்பு என்ற யோசனை கவர்ச்சியானது. ஒரு பவர் சப்ளை பழுதானால் அது காப்பாற்றும். ஆனால் ஐந்தையும் இரண்டு மின்வழிகளில் பிரித்துச் செருகியிருக்கும்போது, மூன்றை ஊட்டும் மின்வழி முழுவதும் போனால் மிஞ்சும் இரண்டும் சேர்ந்து 1430 வாட். நான்கு ஸ்விட்சுகளின் சொந்தத் தேவை போக, 192 போர்ட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 300 வாட். கருவி பழுதாவதும் மின்வழி அறுபடுவதும் வேறு வேறு விபத்துகள், இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஒவ்வொரு ஸ்விட்சிலும் 1100 வாட்டில் இரண்டு பொருத்தி, ஒன்றை ஏ பிடியுவிலும் (ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளக் பலகை) மற்றொன்றை பி பிடியுவிலும் செருகினோம். பயன்பாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் ஏ பிரேக்கரை நானே கீழே இறக்கினேன். எட்டுப் பவர் சப்ளைகளின் பச்சை விளக்குகளும் ஒன்றாக அணைந்தன, விசிறிச் சத்தம் நின்று அறை அமைதியானது. ஸ்டிக்கரில் பி என்று எழுதியிருந்த பிடியுவின் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தால், அதுவும் அதே யுபிஎஸ்ஸில், அதே பிரேக்கருக்குக் கீழேதான் முடிந்தது. வயரிங் எங்களுடையது, ஸ்விட்சின்மேல் குற்றமில்லை. பி வழியை வேறு யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். ஒரு வழி போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு யுபிஎஸ்ஸின் சுமையும் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று அளந்துகொண்டோம். பிறகு மீண்டும் பிரேக்கரை இறக்கினேன். நான்கு விளக்குகள் அணைந்தன, நான்கு எரிந்தன. ஒரு போன்கூட அணைந்து மறுபடி துவங்கவில்லை.